நான் அறிந்த போதிதருமர்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றக் கூட்டத்தில் போதிதருமரைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசியது நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். காஞ்சியில் பிறந்த பல்லவ இளவரசர் ஒருவர் துறவு பூண்டு கடல் கடந்து சீனம் சென்றார். ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு நம்முடைய சிலம்பத்தையும் வர்மத்தையும் கற்றுக்கொடுத்தார். இன்று உலகம் கொண்டாடும் குங்ஃபூவும் தைச்சியும் அவர் ஊன்றிய வித்தின் விளைவே என்று முழங்கினேன். கைதட்டல் பலமாகவே இருந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது வரலாற்றுத்துறைப் பேராசிரியர் ஒருவர் என் தோளில் கை வைத்தார். நன்றாகப் பேசியதாகப் பாராட்டிவிட்டு, நான் சொன்னவற்றுள் எவையெவை போதிதருமர் காலத்தை ஒட்டிய ஏடுகளில் உள்ளன என்று மெல்லக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் நா எழவில்லை. தோள்கள் தாமே உயர்ந்தன, தாடை இறுகியது, வாயில் வந்த ஒரு புத்தகத்தின் பெயரை உளறிவிட்டு நகர்ந்தேன். அந்தப் பெயரில் புத்தகமே கிடையாது என்பதை அவர் அறிந்திருப்பார்.

அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை. ஓராண்டு தாமதம், பேராசிரியர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

போதிதருமர் எனக்கு இரண்டு வழிகளில் அறிமுகமானவர். முதலாவது, 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் அறிவு திரைப்படம். அப்போது எனக்கு ஆறு வயது. அதன்பின் பல நாள் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தே வீழ்த்த முயன்றோம், ஒருவரும் விழவில்லை. இரண்டாவது, கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூர் ஏரிக்கரையில் விடியற்காலையில் எங்களுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார். அவர் இளமையில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். சிலம்பம் அவருக்குத் தந்தைவழி வந்தது. கப்பல் சிங்கப்பூரில் நின்ற நாள்களில் பூங்கா ஒன்றில் முதிய சீனர் ஒருவரிடம் தைச்சியும் கற்றார். அந்தச் சீனர் விடைகொடுக்கும்போது தந்த போதிதருமர் படம் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அடர்ந்த தாடி, பிதுங்கிய கண்கள், காலடியில் ஒரு நாணல். அந்த நாணலின்மேல் நின்றே அவர் பேராற்றைக் கடக்கிறார். படத்துக்கு வாத்தியார் நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றுவார்.

வாத்தியாரின் கலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எடை என்னில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி எதிரெதிரே நின்று, தன்னைத் தள்ளச் சொல்வார். நான் தள்ளுவேன். தள்ளும் இடத்தில் அவர் இருக்கமாட்டார். விலகி ஓடியிருக்கவும் மாட்டார். கை என் கையை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். திறந்திருக்கும் கதவை மூடியிருப்பதாக எண்ணி முட்டியவன்போல நான் முன்னே சாய்வேன். சாய்ந்த கணத்தில் அவர் விரல்நுனியால் தொடுவதுபோல் ஏதோ செய்வார். நான் இரண்டடி தள்ளி மண்ணில் கிடப்பேன். முறுக்கேறிய தசை ஒன்றுகூட அவர் கையில் தென்பட்டதில்லை. தூங்கும் குழந்தையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விழித்திருக்கும்போது இடுப்பில் ஏறும் அதே பிள்ளை தூக்கத்தில் ஏனோ இருமடங்கு கனக்கும். உடம்பை எங்கும் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதால் வரும் கனம் அது. வாத்தியார் விழித்துக்கொண்டே அப்படிக் கனத்தார்.

நான் இயற்பியல் மாணவன். சீனர் ச்சி என்றும், நம் சித்தர் மரபினர் வாசி என்றும் சொல்வதை எந்தக் கருவியால் அளப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் தோளில் நிகழ்வதை என்னால் விளக்க முடியும். மேற்கையில் மடக்கும் தசை ஒன்று, நீட்டும் தசை ஒன்று. அச்சத்தில் இரண்டும் ஒருசேர இறுகினால் ஒன்றின் உழைப்பை மற்றது தின்றுவிடும். வெளியே போகவேண்டிய விசை உள்ளேயே செலவாகும். தோளும் முதுகும் இளகியிருந்தால் பாதம் தரையை உதைக்கும் விசை, இடுப்பு வழியாக, தடையின்றிக் கைக்கு வந்து சேரும். எதிராளி தள்ளுவதும் அதே வழியில் திரும்பித் தரைக்குப் போய்விடும். இறுகிய கை எதிராளிக்குப் பிடிமானமும் ஆகிவிடுகிறது. இளகிய கையோ அவன் எப்போது, எப்பக்கம் தள்ளப்போகிறான் என்பதை முன்கூட்டியே உணர்ந்துகொள்கிறது. இவையெல்லாம் போதிதருமர் கொடுத்த வரம் என்று வாத்தியார் சொல்வார். நானும் நம்பினேன். மேடையில் முழங்கியதும் அந்த நம்பிக்கையில்தான்.

பேராசிரியரின் கேள்விக்குப் பிறகு கன்னிமாரா நூலகத்திலும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் விடுமுறை நாள்களைக் கழித்தேன். சீன மொழி அறியேன். ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் ஆராய்ச்சி நூல்களையும் நம்பியே இதை எழுதுகிறேன்.

போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஷி என்னும் வடசீன அரசு அலுவலர் எழுதிய நூலில் வருகிறது. அது லுவோயாங் நகரத்துப் பௌத்த ஆலயங்களைப் பற்றியது. வட வெய் அரசின் தலைநகரமாக விளங்கிய அந்நகர் போரில் பாழான பின், அதன் பழஞ்சிறப்பை எண்ணி ஏங்கி எழுதப்பட்ட நூல். அங்கே யோங்நிங் ஆலயத்தில் 516ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஒன்பது நிலை மரக் கோபுரம் ஒன்று இருந்தது; 534இல் தீக்கிரையாயிற்று. மேற்குத் திசையிலிருந்து வந்த போதிதருமர் என்னும் துறவி அக்கோபுரத்தைக் கண்டு மெய்ம்மறந்தார். தமக்கு நூற்றைம்பது வயது என்றும், எத்தனையோ நாடுகளில் திரிந்தும் இத்தகைய அழகைக் கண்டதில்லை என்றும் கூறினார். நாள்கணக்கில் கைகூப்பி நமோ என்று ஓதிக்கொண்டிருந்தார். வீரர் எவரும் இக்காட்சியில் இல்லை. மணிகள் ஒலிக்கும் ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் முதியவர் ஒருவரே இருக்கிறார். அவருடைய நாடு பாரசீகம் என்று யாங் எழுதிவிட்டார்.

இவ்வரியை முதன்முதலில் படித்தபோது தாம்பரத்திற்குத் திரும்பும் மின்ரயிலில் இருந்தேன். வண்டி பல்லவரத்தில் நின்றது. பல்லவர் பெயரையே தாங்கிய ஊர். மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கும் ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு பாரசீகம் என்ற சொல்லைப் படிக்க எப்படியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டேன். தோள் மறுபடியும் உயர்ந்திருந்தது.

நல்ல காலமாகப் பழைய ஏடு அது ஒன்று மட்டும் இல்லை. போதிதருமரின் மாணவர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின் என்பவர் அவருடைய போதனைக்கு ஒரு சிறு முன்னுரை எழுதினார். அதில், ஆசிரியர் தென்னிந்தியர். பேரரசர் ஒருவரின் மூன்றாம் புதல்வர் என்று இருக்கிறது. 645ஆம் ஆண்டளவில் தாவோசுவான் என்ற துறவி தொகுத்த பெருந்துறவிகள் வரலாற்றில், அவர் தென்னிந்தியப் பிராமணர் என்று இருக்கிறது. அரசகுமாரரா அந்தணரா என்பதில் இருவரும் மாறுபட்டாலும் தென்னிந்தியா என்பதில் ஒன்றுபடுகின்றனர். காஞ்சி என்ற ஊர்ப்பெயர் இரண்டிலும் இல்லை. 1004ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நூல் ஒன்று அவர் தந்தையின் நாட்டுக்கு ஒரு பெயர் தருகிறது. நறுமணத்தைக் குறிக்கும் சீன எழுத்தோடு தொடங்கும் அப்பெயரே காஞ்சியைக் குறிப்பதாகப் பிற்காலத்தார் சிலர் கொண்டனர். பல்லவர் செப்பேடுகளிலோ, துறவு பூண்டு சீனம் சென்ற இளவரசனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் வாழ்ந்த காலம், சிம்மவிஷ்ணுவுக்கு முற்பட்ட, பல்லவ வரலாற்றின் மங்கலான பகுதி என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும் காஞ்சி பொருந்தாத ஊரும் அன்று. மணிமேகலை தன் துறவின் இறுதி நாள்களைக் கழிப்பது கச்சி மாநகரில். மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் எள்ளி நகையாடப்படுபவர்களுள் ஒருவர் காஞ்சி விகாரத்துப் பௌத்தத் துறவி. ஊரில் இல்லாதவரை யாரும் நையாண்டி செய்யமாட்டார்கள். சுமார் 640ஆம் ஆண்டில் யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். நாலந்தாவின் தலைவராயிருந்த தருமபாலர் பிறந்தது அவ்வூரே என்றும் எழுதியிருக்கிறார். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்னும் நூலிலும் தமிழ்நாட்டுப் பௌத்தப் பெரியார் வரிசையில் போதிதருமர் இடம்பெற்றிருக்கிறார். ஆகவே அவரைக் காஞ்சியார் என்றே எண்ண நான் இன்னும் விரும்புகிறேன். ஆனால் இனி மேடையேறினால் அதை என் விருப்பம் என்றே சொல்வேன்.

தாவோசுவானின் கூற்றுப்படி அவர் தென்சீனக் கரையில் இறங்கியபோது அங்கே சோங் அரசு நடந்துகொண்டிருந்தது. அவ்வரசு 479இல் முடிந்தது. எனவே அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். பிற்கால நூல்கள் வருகையை 520 என்றும் 527 என்றும் கூறுகின்றன. குவாங்சோ நகரில் ஹுவாலின் ஆலயத்தார் அவர் இறங்கிய இடம் தங்களுடையதே என்று இன்றும் காட்டுகின்றனர். அதன்பின் வடக்கே வெய் நாட்டிற்குச் சென்றார்.

இடையில் லியாங் அரசன் வூவைச் சந்தித்த கதை மிகவும் புகழ்பெற்றது. எண்ணற்ற ஆலயங்கள் கட்டி, துறவிகளுக்கு வாரி வழங்கிய அவ்வரசன், தனக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும் என்று வினவ, ஒன்றுமில்லை என்று போதிதருமர் விடையளித்தாராம். கதை அருமையானது; ஆனால் 8ஆம் நூற்றாண்டில்தான் முதன்முதலில் எழுத்தில் வருகிறது. ஷாவோலின் மடத்தோடு அவரை இணைத்துச் சொல்வதும் அந்நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. ஷாவோலின் மடம் 495ஆம் ஆண்டளவில் வட வெய் அரசனால் வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. சீன ஏடுகள் அவரைப் பாத்துவோ என்கின்றன. அவருக்குப் படம் எடுத்தவர் யாருமில்லை, பாவம்.

போதிதருமர் செய்ததாகப் பழைய ஏடுகள் கூறுவது சுவர் நோக்கு. மலைக்குகையில் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார் என்பது கதை. சுவரைப் பார்த்தல் என்பதை, உள்ளத்தைச் சுவர்போல் அசைவின்றி நிறுத்துதல் என்றும் அறிஞர்கள் பொருள் கொள்கின்றனர். அவர் தம் மாணவர் ஹுயிகேயிடம் ஒப்படைத்த நூல் இலங்காவதார சூத்திரம். தென்கடலோரத்து இலங்கை மலையுச்சியில் புத்தர் போதித்ததாக அமைந்த நூல் அது. 443ஆம் ஆண்டில் குணபத்திரர் என்ற இந்தியத் துறவி அதைச் சீனத்தில் பெயர்த்திருந்தார்.

தான்லின் எழுதி வைத்த போதனை மிகச் சிறியது. நான்கு ஒழுக்கங்களைச் சொல்கிறது. துன்பம் வந்தால், முன்வினையின் பயன் இது என்று கொண்டு, எவர்மீதும் குறைகூறாது ஏற்றல். இன்பமோ புகழோ வந்தால், அதுவும் சார்பினால் வந்து சார்பினால் போவது என்றறிந்து துள்ளாதிருத்தல். எதையும் நாடி ஓடாதிருத்தல். அறத்தோடு பொருந்தி, கொடுத்ததை நினைத்திராமல் கொடுத்தல். இதில் குத்து இல்லை, உதை இல்லை, கம்பு இல்லை, மூச்சை அடக்கும் பயிற்சியும் இல்லை. முதலில் படித்தபோது எனக்குப் பெருத்த ஏமாற்றம். கைதட்டல் வாங்கித்தரும் செய்தி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்புறம், தாவோசுவானின் நூலில் ஹுயிகேயைப் பற்றிய பகுதிக்கு வந்தேன்.

ஹுயிகேயைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கும் கதை வேறு. பனியில் முழங்காலளவு புதைந்து நின்று, தம்மை மாணவராக ஏற்கும்படி வேண்டி, தம் இடக்கையைத் தாமே வெட்டி ஆசிரியர்முன் வைத்தார் என்பது அது. கேட்போர் மெய்சிலிர்ப்பர். தாவோசுவான் சொல்வதோ இது: ஹுயிகேயின் கையைக் கள்வர் வெட்டிவிட்டனர். அவர் ஆசிரியரிடம் கற்ற முறையில் உள்ளத்தை அடக்கி, வெட்டுண்ட இடத்தைத் தீயால் சுட்டு, குருதி நின்றதும் துணியால் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் பிச்சைக்குப் போனார். எவரிடமும் சொல்லவில்லை. பிறகு தான்லினுக்கும் அதே கதி நேர்ந்தது. கள்வர் அவர் கையையும் வெட்டினர். தான்லின் இரவெல்லாம் அலறினார். ஹுயிகே அவருக்குக் கட்டுப்போட்டு, பிச்சையெடுத்து வந்து ஊட்டினார். ஊட்டும் கை தடுமாறுவதைக் கண்டு தான்லினுக்குச் சினம் மூண்டது. அப்பம் முன்னே இருக்கிறதே, நீரே எடுத்து உண்ணக்கூடாதா என்றார் ஹுயிகே. எனக்குக் கையில்லை என்பது உமக்குத் தெரியாதா என்று தான்லின் எரிந்துவிழ, எனக்கும்தான் கையில்லை, சினப்பதற்கு என்ன இருக்கிறது என்றார் ஹுயிகே. அதன்பிறகே இருவரும் ஒருவரையொருவர் விசாரித்து அறிந்துகொண்டனர். அன்றுமுதல் உலகம் தான்லினைக் கையிலா லின் என்று அழைத்தது.

நான்கு ஒழுக்கங்களையும் ஏட்டில் எழுதி வைத்தவர் இரவெல்லாம் அலறினார் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எழுதியவருக்கு அவ்வறிவு கையோடு போயிற்று. கேட்டுப் பழகியவருக்கு அது கை போன பிறகும் உடம்பில் நின்றது. தாவோசுவான் இதை ஒளிக்காமல் எழுதியிருப்பதால் எனக்கு இந்நிகழ்ச்சியில் நம்பிக்கை பிறக்கிறது. வாத்தியாரின் இளகிய தோள் எவ்விடத்தில் போதிதருமரோடு தொடர்புகொள்ளக்கூடும் என்று கேட்டால் நான் இவ்விடத்தையே காட்டுவேன். வருவதோடு முட்டிக்கொள்ளாமல் நிற்றல் என்னும் ஒன்று மட்டுமே இரண்டுக்கும் பொது. அது வரலாற்றுச் சான்று ஆகாது, என் எண்ணமே.

அவருடைய முடிவைப் பற்றித் தாவோசுவானுக்கே தெரியாது. திரிந்து போதித்தார், எங்கே முடிந்தார் என்பதை யாரும் அறியார் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். பிற்காலக் கதைகளுக்குக் குறைவில்லை. அடக்கம் செய்யப்பட்ட பின், ஒற்றைச் செருப்பைக் கையில் ஏந்தி மேற்கு மலைகளில் நடந்துபோனவரைக் கண்டார்களாம். கல்லறையைத் திறந்தால் மற்றைச் செருப்பு மட்டும் இருந்ததாம். தூக்கம் வந்ததென்று இமைகளை அறுத்தெறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் கூறுவர். தேர்வுக்கு முந்தைய இரவு தேநீர் குடிக்கும் நாமெல்லாம் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் போர்க்கலை எங்கிருந்து வந்து சேர்ந்தது? ஷாவோலின் துறவிகள் போரிட்டது உண்மை. 621ஆம் ஆண்டில், பின்னாளில் தாங் பேரரசனான லி ஷிமினுக்கு அவர்கள் படைத்துணை செய்தனர். 728இல் நிறுவப்பட்ட கல்வெட்டு அதற்குச் சான்று. மிங் காலத்தில் அவர்கள் புகழ்பெற்றது கையால் குத்தும் கலைக்காக அன்று, கம்புக்காக. இதைப் படித்தபோது சிலம்பக்காரனான எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் அத்துறவிகளே தங்கள் கம்புக்கலைக்கு முதல்வராக யாரைக் கூறினர் தெரியுமா? கின்னர அரசன் என்னும் தெய்வத்தை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பல்லாண்டு பயின்ற செங் சோங்யூ என்பவர் எழுதிய கம்புநூல் அதைத்தான் சொல்கிறது. போதிதருமர் பெயரை அதற்காக அவர்கள் எடுக்கவில்லை.

அவர் பெயர் வந்து ஒட்டிக்கொள்வது 1624ஆம் ஆண்டில். தசைநார்களை மாற்றும் நூல் என்று பொருள்படும் யி ஜின் ஜிங் என்ற சுவடி அவ்வாண்டில் ஒரு தாவோ சமயத்தவரால் எழுதப்பட்டது. போதிதருமர் ஷாவோலின் சுவருக்குள் இரும்புப் பேழையில் வைத்துச் சென்ற நூல் இது என்று அதன் முன்னுரை கூறுகிறது. அம்முன்னுரையை எழுதியவர் லி ஜிங் என்னும் 7ஆம் நூற்றாண்டுத் தளபதியாம். ஆனால் அவர் காலத்துக்கு மிகவும் பிற்பட்ட ஒரு கதையில் வரும் கற்பனைப் பாத்திரம் அதில் உயிருள்ள மனிதராக வருகிறது. இரண்டாம் முன்னுரை நியூ காவோ என்னும் 12ஆம் நூற்றாண்டுப் படைவீரர் பெயரில் இருக்கிறது. அவர் தமக்கு ஓரெழுத்தும் தெரியாது என்று முன்னுரையிலேயே எழுதுகிறார். பொய் சொல்பவர்களுக்கும் கொஞ்சம் நிதானம் வேண்டும்! 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற அறிஞர் இச்சுவடியைப் போலி என்று எள்ளியிருக்கிறார்.

சுவடி போலியாயினும் அதன் பொருள் ஆராயத்தக்கது. தசைக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மென்படலங்களில் ச்சியை நிரப்புவதே வலிமை என்பது அதன் கொள்கை. வெறும் புறத்தசையை நம்பாதே, உள்ளே பெருக்கு என்கிறது. அதற்கு அது கூறும் வழியோ, உடம்பைப் பிசைவதும், மர உலக்கையாலும் கல் நிரப்பிய பையாலும் இடிப்பதும். உள்வலிமை நூல் இடித்து இறுக்கச் சொல்கிறது. சுவரைப் பார்த்து ஒன்பதாண்டு உட்கார்ந்தவர் பெயரால்! அதிலும், அப்படி உட்கார்ந்ததால் அவருக்குக் கால்களே செயலற்றுப் போயின என்று ஜப்பானியர் கதை சொல்வர்.

வேடிக்கை இத்துடன் நிற்கவில்லை. 1669இல் ஹுவாங் சோங்ஷி என்ற பேரறிஞர் வாங் செங்நான் என்னும் வீரருக்குக் கல்லறை வாசகம் எழுதினார். அசைவின்மையால் அசைவை வெல்லும் கலை அகக்கலை. அதைத் தந்தவர் வூதாங் மலையின் தாவோ முனிவர் சாங் சான்ஃபெங். ஷாவோலின் கலையோ புறக்கலை என்று அதில் பிரித்தார். அகம், புறம் என்று போர்க்கலையை இருகூறாக்கிய முதல் எழுத்து இதுவே. அக இலக்கியம், புற இலக்கியம் என்று படித்து வளர்ந்த நமக்கு அச்சொற்கள் புதியனவாகத் தோன்றா. ஹுவாங், வீழ்ந்துபட்ட மிங் அரசுக்கு விசுவாசமானவர். வடக்கே இருந்து வந்த மஞ்சுக்கள் நாட்டைப் பிடித்துக்கொண்ட காலம் அது. உள்நாட்டு முனிவரின் மென்மை வெளியிலிருந்து வந்த சமயத்தின் வன்மையை வெல்கிறது என்று எழுதியபோது அவர் மனத்தில் கைச்சண்டை மட்டுமே இருந்திருக்காது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். ஆக, ஒரே நூற்றாண்டில் ஒருவர் போதிதருமரை உள்வலிமைக்கு ஆசிரியராக்கினார். மற்றொருவர் ஷாவோலினையே வன்மையின் பக்கம் தள்ளினார். இரண்டு நிகழ்ந்தபோதும் போதிதருமர் மறைந்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1930ஆம் ஆண்டில் சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவ், இவ்விரு மூலபுருடர் கதைகளுக்கும் சான்றில்லை என்று எழுதினார். தைச்சியின் உறுதியான சுவடு கிடைப்பது ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த ஒரு சிற்றூரில். அங்கே கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் அதைப் பீகிங்குக்குக் கொண்டு சென்றார்.

நண்பர்களே, நான் மேடையில் சொன்னவற்றுள் தென்னிந்தியர், துறவி, சீனம் சென்றார் என்னும் மூன்றே தேறுகின்றன.

இதையெல்லாம் படித்து முடித்த வாரத்தில் வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கூடத்தில் படம் இருக்கிறது, ஊதுவத்தி இருக்கிறது. படத்தின் கீழே அலமாரியில் சிவப்பு நிறத்தில் கண்கள் வரைந்த தருமா பொம்மை ஒன்றும் இருக்கிறது, கப்பற்காலத்தில் ஜப்பானில் வாங்கியது. கையும் காலும் இல்லாத உருண்டை, அடியில் கனம். சாய்த்துவிட்டால் தானே எழுந்துகொள்ளும். போதிதருமர் பெயர் ஜப்பானியர் நாவில் தருமா ஆகி, இப்பொம்மைக்கு நின்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே நம் தஞ்சாவூர்ப் பொம்மை ஒன்றையும் வாத்தியார் வைத்திருக்கிறார். அடி கனத்து மேல் இலேசாக இருந்தால் எத்தனை சாய்த்தாலும் எழும் என்பதைப் புது மாணவர்களுக்கு அவற்றைத் தட்டித் தட்டிக் காட்டுவார்.

நான் சொல்லத் தொடங்கினேன். பாரசீகம், செப்பேடு, இரும்புப் பேழை, எழுத்தறியாதவர் எழுதிய முன்னுரை எல்லாம் சொன்னேன். அவர் தோள் உயருமா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். உயரவில்லை. முன்னுரைக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். படத்தைக் கழற்றிவிடலாமா என்று நானே அசட்டுத்தனமாகக் கேட்டேன். அது தன் ஆசிரியர் கையால் கொடுத்தது, அதை ஏன் தம்பி கழற்ற வேண்டும் என்றார். ஹுயிகேயும் தான்லினும் கதையை மட்டும் இரண்டுமுறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை முடிந்ததும், போனது எந்தக் கை என்று கேட்டார். பிற்காலக் கதையில் இடக்கை என்று வருகிறது என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனபோது வாத்தியார் தம் இடக்கையை முதுகுப்புறம் மடக்கித் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். கட்டிவிட்டு, வலக்கை மணிக்கட்டை என் மணிக்கட்டோடு ஒட்டி, தள்ளச் சொன்னார். ஒரு கை இல்லாதபோது தோளை உயர்த்தி ஊன்றிக்கொள்ள இடமில்லை. இடுப்பும் காலும்தான் மிச்சம். முதல் தள்ளலில் விழுந்தேன். இரண்டாவதிலும் விழுந்தேன். மூன்றாவதில், விழுவதற்குச் சற்று முன்பு, அவர் தள்ளப்போகும் திசை என் மணிக்கட்டில் தெரிந்தது. தெரிந்தும் விழுந்தேன்.